நடுக்கூடத்தில் பதினோரு சுற்று

ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி ஏழு நிமிடம். வேளிமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. நாகர்கோவிலில் தூறல். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற அளவுக்கான தூறல். காற்று மேற்கிலிருந்து.

அந்த நேரத்தில் நான் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில், சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பகவதி இன்னொருவரோடு டாங்கோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் என்பது ஞானசிகாமணி. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு, என்னைவிட மூன்று குறைவு. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. சர்ச் பாடகர் குழுவில் நின்று நின்று முதுகு ஸ்கேல் வைத்ததுபோல் நேராகிவிட்டது. சட்டையில் இஸ்திரி மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. இதையெல்லாம் நான் கவனித்திருக்கிறேன்.

டாங்கோவில் ஓச்சோ என்று ஓர் அடிவகை உண்டு. ஆண் நின்ற இடத்தில் நின்று, நெஞ்சைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்புவான். எதிரே நிற்கும் பெண் பாதத்தைத் திருகித் திருகி, தரையில் எட்டு என்ற எண்ணை எழுதுவாள். பகவதி அன்று ஞானசிகாமணியுடன் பதின்மூன்று எட்டுப் போட்டாள்.

என்னோடு அதுவரை போட்டது பூஜ்யம்.

கூடத்தைச் சுற்றி வந்தபோது ஞானசிகாமணி என் நாற்காலியைக் கடந்தார். "என்ன ஓய், முறைக்கீரு? உம்ம வீட்டம்மையைப் பத்திரமாத் திருப்பித் தருவேன், பயப்படாதயும்" என்றார். பகவதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கைவிரல்களே போதுமாக இருந்தன.

கப்பலில் வந்த ஆட்டம்

நாகர்கோவிலில் டாங்கோ எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கப்பலில் வந்தது.

ஜெரோம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடலோரக்காரர். வயது முப்பத்தொன்பது. பயணிகள் கப்பலில் பதினோரு வருடம் சாப்பாடு பரிமாறியவர். அர்ஜென்டினாத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாட்களில் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, இவர் மட்டும் ஒரு பழைய ஆட்டக்கூடத்துக்குப் போயிருக்கிறார். ஒரே ஒரு நாள் எட்டிப் பார்க்கப் போனவர், பத்து வருடம் போய்க்கொண்டே இருந்தார். ஊர் திரும்பியபோது மற்றவர்கள் கொண்டுவரும் கம்பளி, டிவி எதுவும் கொண்டுவரவில்லை என்று அவருடைய அம்மைக்கு இன்றும் வருத்தம்.

வடசேரிச் சந்தைச் சுவரில் அவர் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பகவதிதான் படித்தாள். வலது கையில் கத்தரிக்காய்ப் பை, இடது கையில் என் முழங்கை.

"வயசு வரம்பு இல்லியாம். நாம ரெண்டுபேரும் சேருதோம்" என்றாள்.

"எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு."

"எனக்கு இருபத்தொம்பது வருசம் தபாலாபீஸ் கவுண்டருக்குப் பின்னால இருந்த முட்டு இருக்கு. பேசாம வாருங்கோ."

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் மண்டபம் காலி. அதனால் ஜெரோமுக்குக் கிடைத்தது. நான்கு சனி, நான்கு ஞாயிறு, எட்டு வகுப்பு. ஆவணி பிறந்துவிட்டால் அங்கே இலை போட்டுவிடுவார்கள். எட்டாவது வகுப்பில் பாடம் கிடையாது, அது எல்லோரும் எல்லோர் முன்னாலும் ஆடும் நாள்.

மாடிப்படி இருபத்திரண்டு. அதில் பதினேழாவது படி அரை அங்குலம் உயரம் கூடுதல். யாராவது விழுவார்கள் என்று மண்டபக் காவலாளியிடம் மூன்று முறை சொன்னேன்.

தொட்டுக் கும்பிடாதீங்க

நாங்கள் பதினான்கு பேர். பெண்கள் ஒன்பது, ஆண்கள் ஐந்து. ஆண்கள் போதாததால் சில பெண்கள் பெண்களோடு ஆடினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாற வேண்டும்.

முதல் நாள் ஜெரோம் எங்களைச் சும்மா கூடத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். பதினான்கு பேரும் யாரும் சொல்லாமலே ஒரே பக்கமாகப் புறப்பட்டோம். கோயில் பிராகாரத்தில் போவதுபோல, வலமாக. ஞானசிகாமணியும் வலமாகத்தான் போனார். ஜெரோம் கையைத் தட்டினார்.

"எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்! உலகம் பூராவும் டாங்கோ இடமாத்தான் சுத்தும்."

திரும்பினோம். திரும்பும்போது மூன்று பேர் மோதிக்கொண்டார்கள். அடுத்த சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கால் மீது கால் பட்டால் நாம் என்ன செய்வோம்? குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பாட்டு ஒருபக்கம் உருகி ஓடிக்கொண்டிருக்கிறது, பிடித்த கையை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாகக் குனிகிறோம். அன்று மட்டும் இருபத்தாறு முறை. குனியும்போது பின்னால் வரும் ஜோடி இடிக்கும். உடனே அதற்கொரு கும்பிடு.

"எனக்க கர்த்தாவே, தொட்டுக் கும்பிடாதீங்க! பாட்டு போய்ட்டே இருக்கு!" என்று ஜெரோம் தலையில் கை வைத்தார்.

பல் டாக்டர் அம்மா ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும். எனக்கே வயிறு வலித்தது. கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். தேதி கிடைக்கவில்லை. எனக்குத் தேதி கிடைக்காமல் போவது அபூர்வம்.

அன்றே, கடைசிப் பாட்டுக்கு, பகவதியோடு ஆடும் முறை எனக்கு வந்தது. கையைப் பிடித்தேன். இரண்டு அடி வைத்திருப்போம்.

"முட்டு வலிக்கு" என்று போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் என் முறை வந்தபோது முட்டு வலித்தது. மூன்றாம் வகுப்பிலும் வலித்தது. அந்த வலி ஞானசிகாமணியிடம் வரவில்லை, பல் டாக்டர் அம்மாவிடம் வரவில்லை, ஜெரோமிடம் வரவேயில்லை. அன்றுதான் நான் ஒன்பதாவது நாற்காலியில் இருந்தேன்.

முதுகில் தந்தி

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். நான் எண்ணுவது.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். சங்கிலி இழுத்து அளந்தாலும், சும்மா ஒரு சரிபார்ப்புக்குக் காலாலும் அளப்பேன். என் ஓர் அடி இரண்டரை அடி நீளம், கூடவும் குறையவும் செய்யாது. தோவாளைப் பக்கம் ஒரு வயல்வரப்புத் தகராறில், சங்கிலிக் கணக்கையும் என் கால் கணக்கையும் ஒப்பிட்டார்கள். ஒரு சாண்தான் வித்தியாசம். அதிலும் சங்கிலிதான் தவறு என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அந்தப் பழக்கம் ஆட்டத்திலும் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணினேன். ஜெரோம் பக்கத்தில் வந்து, "சார், டாங்கோவுக்குக் கணக்கு கிடையாது. நெஞ்சால சொல்லணும், அவங்க நெஞ்சால கேப்பாங்க" என்றார். ஞானசிகாமணி எதிரே போகிற போக்கில், "ஓய், ஆடுதீரா, நிலம் அளக்கீரா?" என்றார்.

யாருக்குத்தான் நிலம் அளக்கிறவனோடு ஆடப் பிடிக்கும்? எண்ணுவதை நிறுத்தினால் பகவதி வருவாள் என்று முடிவு செய்தேன். ஆடி முடிவதற்குள் அவளோடு ஒரு பாட்டு, ஒரே ஒரு முழுப் பாட்டு. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். உதடு அசைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போது எண்ணிக்கை விரலுக்கு இறங்கிவிட்டது போலும். எனக்கே தெரியவில்லை. நான்காம் வகுப்பில் பல் டாக்டர் அம்மா திடீரென்று நின்று, "அண்ணாச்சி, என் முதுகுல என்ன தந்தி அடிக்கியோ?" என்று கேட்டார்.

(இங்கே ஓர் இடைச்செருகல். போன வாரம் என் பல்செட்டைப் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஒருவர் ஆறுதல் சொல்லியிருந்தார். ஒருவர் விலை கேட்டிருந்தார். மூன்றாமவர், இந்தத் தொடரில் எண்களைக் குறைக்கலாமே என்று கேட்டிருந்தார். ஐயா, முயன்று கொண்டிருக்கிறேன். முதுகில் தந்தி அடித்த அளவுக்கு முயன்றவன் நான்.)

ஐந்தாம் வகுப்பில் விரலையும் அடக்கிவிட்டேன். பூமாதிரி ஆடினேன் என்று பல் டாக்டர் அம்மாவே சொன்னார். நிமிர்ந்து பகவதியைப் பார்த்தேன். என் முறை வந்தது.

முட்டு வலித்தது.

பழம்பொரி ஆறும் முன்னால்

ஆறாம் வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். மழை ஓட்டுச் சாய்ப்பில் அடித்துக்கொண்டிருந்தது. பகவதி கையில் தாளில் சுற்றிய பழம்பொரி, சூடான நேந்திரம்பழ பஜ்ஜி. எண்ணெய் தாளைத் தாண்டி அவள் விரலில் மின்னியது. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா? ஆறு வகுப்பு. நாப்பத்தெட்டுப் பாட்டு. அதுல நீ ஆடினது நாப்பத்திரண்டு. ஞானசிகாமணிகூட மட்டும் ஒம்பது. எங்கூட பூஜ்யம். மீதி ஆறுக்கும் முட்டுவலி."

பழம்பொரியை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அதையும் எண்ணியாச்சா?"

"எண்ணாம? நான் எண்ணுததையும் நிறுத்தியாச்சு. இன்னும் என்னத்த நிறுத்தணும், சொல்லு."

"எண்ணுததுக்கு யாரு என்ன சொன்னா? நீங்கோ எண்ணலைன்னா எனக்கு ஒறக்கமே வராது."

"பின்னே?"

அவள் மழையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வயதிலும் அவளுக்கு முகம் சிவந்தது.

"ஒங்க அம்மை போனப்ப, நாங்க பொம்பளையள்லாம் அரிசியக் கையில வச்சுக்கிட்டு சுத்தி வந்தோம்லா? எந்தப் பக்கமா?"

யோசித்தேன். "இடப்பக்கமா."

"செத்தவங்களுக்குத்தான் இடஞ்சுத்து. எனக்க மாப்பிளை கையப் பிடிச்சுக்கிட்டு நான் இடஞ்சுத்த மாட்டேன். மூணு நிமிசத்துல நாலு சுத்து சுத்துதாங்கோ அதுல. எனக்கு நெஞ்சு பதறுது."

"அப்ப ஞானசிகாமணிகூட?"

"அவரு எந்தப் பக்கம் சுத்தினா எனக்கென்ன?"

இதைச் சொல்லிவிட்டு, சொன்னது சரியாகப் படாததால், "அவரு நல்லா இருக்கட்டும், பாவம்" என்று சேர்த்துக்கொண்டாள். பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. டீக்காரர் கிளாஸோடு நின்றுவிட்டார். பதினாறு நாட்களாக நான் தூக்கமில்லாமல் புரண்டது, ஞானசிகாமணியின் இஸ்திரி மடிப்பை வெறுத்தது, விரலை அடக்கியது எல்லாமே வீண். என் மனைவி என்னை விட்டு விலகி இருந்தது, நான் நீண்டகாலம் இருக்க வேண்டும் என்பதற்காக.

எழுபத்தொரு வயதில் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது. ஒரு பாட்டு வேண்டியிருந்தது. மிச்சம் இரண்டே வகுப்பு.

நடுவில் நிற்பவர்களுக்கு

மறுபடி இருபத்திரண்டு படி ஏறினோம். ஜெரோம் ஒலிபெருக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைப் பகவதி சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"எல்லாரையும் வலமாச் சுத்தச் சொல்ல முடியாது சார். ஆனா நடுவுல ஆடலாம். ஓரத்துல போறவங்கதான் இடமாப் போவணும். நடுவுல நிக்கறவங்களுக்கு ஓட்டம் கிடையாது. நின்ன இடத்துலயே எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பலாம்."

"நின்ன இடத்துல என்னத்த ஆடுதது?"

"மொலினேத்தே."

அதற்குக் காற்றாடி என்று பொருளாம். ஆரல்வாய்மொழியில் நிற்கும் காற்றாலையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஆண்தான் கம்பம். பெண் அவனைச் சுற்றி வருவாள்: முன்னால் ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, மறுபடி பக்கவாட்டில். கம்பம் நகரக்கூடாது, ஆனால் அவளோடு சேர்ந்து திரும்ப வேண்டும். வழக்கமாக ஆடுவது இடப்பக்கக் காற்றாடி. வலப்பக்கமும் உண்டு என்றார்.

"அப்ப நான் இவரை வலஞ்சுத்தி வருவேனா?" என்று பகவதி கேட்டாள்.

"ஆமாம்மா."

"பாட்டு முடியுத வரைக்கும்?"

"ஒங்களுக்குத் தெம்பு இருந்தா."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆறு நாள் வீட்டில் பழகினோம். கட்டிலைச் சுவரோடு தள்ளி, மொசைக் தரையில் சாக்பீஸால் இரண்டரை அடி ஆரத்தில் வட்டம் போட்டேன். அவளுக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. கம்பத்துக்குத்தான் வரவில்லை. கம்பத்தின் இடது கால் வலது கால் மேல் ஏறியது. கம்பம் இரண்டு முறை பீரோவில் சாய்ந்தது. ஆடுவதற்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்த்தேன். பின்னால் பார்த்ததுதான் குறைவாக இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று பகவதிக்கும் பார்த்தேன். கெடவில்லை.

ஏழாம் வகுப்பில் ஜெரோம் இரண்டு மாற்றங்கள் சொல்லித்தந்தார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை அவளை நிறுத்தி இரண்டு எட்டுப் போடவிட வேண்டும். மறுபடி சுற்றும் முன்னால் ஒரு மூச்சு நிற்க வேண்டும். "அந்த மூச்சுலதான் சார் டாங்கோவே இருக்கு" என்றார். எனக்கு அது ஓய்வாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

ஆடி இருபத்தாறு, ஞாயிறு. கூடத்தில் மதியச் சாம்பார் வாசனை. ஆடியில் பிறந்த யாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கோ சமைத்திருக்கிறார்கள். சுவரோரம் எல்லா நாற்காலியிலும் ஆள். நான்காவது பாட்டு எங்களுடையது. மடியில் வைத்து இழுக்கும் பெரிய ஆர்மோனியம் போன்ற டாங்கோ வாத்தியம் ஒலிபெருக்கியில் முனகத் தொடங்கியது. மற்ற ஜோடிகள் ஓரமாக, இடமாக, மெல்ல நகர்ந்தார்கள். நாங்கள் நேராக நடுக்கூடத்துக்குப் போய் நின்றோம்.

பகவதி என் தோளில் கை வைத்தாள். தேங்காயெண்ணெயும் பிச்சிப்பூவும் கலந்த வாசனை.

"எண்ணுங்கோ" என்றாள்.

"வாய்விட்டா?"

"எனக்குக் கேக்குத மாதிரி."

எண்ணினேன். ஒன்று. அவள் முன்னால், பக்கம், பின்னால், பக்கம் என்று என்னைச் சுற்றினாள். இரண்டு. சேலை மடிப்பு என் காலில் உரசிப் போனது. மூன்று, நிறுத்தினேன், இரண்டு எட்டுப் போட்டாள். ஒரு மூச்சு. நான்கு, ஐந்து, ஆறு. சுற்றிலும் பன்னிரண்டு பேர் ஒரு பக்கமாகப் போக, நடுவில் நாங்கள் மட்டும் மறுபக்கமாக. ஏழு. ஞானசிகாமணி கடந்து போகையில் "ஓய், பிரமாதம் ஓய்!" என்று கத்தினார். அவரை நான் முழு மனதோடு மன்னித்தேன். எட்டு. விளக்குகள் நீண்டன. ஒன்பது. பகவதி தலையைச் சாய்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள், இந்த முறை என் காதுக்குள். பத்து. பதினொன்று.

பாட்டு நின்றது. கூடம் நிற்கவில்லை.

நான் அவள் கையைப் பிடித்தபடியே மெதுவாக வலது முழங்காலில் இறங்கினேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கூடம் முழுக்கக் கைதட்டியது. டாங்கோ முடியும்போது இப்படி ஒரு நிலையில் நிற்பார்களாம். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"எழும்புங்கோ, எல்லாரும் பாக்காங்கோ" என்றாள் பகவதி.

"முடியல. நீயும் இரி."

அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் கூடியது.

காதுக்குள் கல்

மறுநாள் காலை கண் விழித்து வலப்பக்கம் திரும்பினேன். மின்விசிறி நின்றிருந்தது, வீடு சுற்றியது.

காது, மூக்கு, தொண்டை டாக்டர் இளவயதுப் பெண். காதுக்குள் மணல்போலச் சின்னக் கற்கள் உண்டு, வயதானவர்களுக்கு அது சிலசமயம் இடம் மாறிவிடும் என்றார்.

"எந்தப் பக்கம் திரும்பினா சுத்துது?"

"வலப்பக்கம்."

பகவதி முந்திக்கொண்டாள். "வலப்பக்கம்னா நல்லதுதானே டாக்டர்?"

டாக்டர் அவளை ஒரு நொடி பார்த்தார். "படுக்கவச்சு, தலையை மெதுவா இடப்பக்கமா உருட்டினா கல்லு பழைய இடத்துக்குப் போயிரும்."

"இடப்பக்கமாவா? வேற வழி இல்லியா?"

"கெட்ட காது வலதும்மா. இடது பக்கம்தான் உருட்டணும்."

பகவதி கண்ணை மூடிக்கொண்டு என் கால் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் என் தலையை இடப்பக்கமாக உருட்டினார். ஒரு முறை கிறுகிறுத்தது, பிறகு உலகம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

ஆட்டோவில் திரும்பினோம். வழியில் ஒரு ரவுண்டானா வந்தது. நம் ஊர்ச் சாலையில் ரவுண்டானாவை வலமாகத்தான் சுற்ற முடியும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஆட்டோக்காரனைக் கூப்பிட்டாள்.

"மக்கா, இதை ஒரு மூணு சுத்து சுத்து."

"எதுக்கும்மா? அங்க சாமி ஒண்ணும் இல்லியே, செடிதான் நிக்கி."

"நீ சுத்து. காரணம் கேக்காத."

சுற்றினான். இரண்டாவது சுற்றில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். பகவதி வெளியே தலையை நீட்டி, "இவருக்குத் தல சுத்து சார். அத நேராக்குதோம்" என்றாள். அவர் என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழி விட்டார். மூன்றாவது சுற்றும் முடிந்தது. எனக்குத் தலை கொஞ்சமும் சுற்றவில்லை. சிரித்துச் சிரித்து விலாதான் வலித்தது. ஆட்டோக்காரனும் சேர்ந்து சிரித்ததில் வண்டி ஒருமுறை அணைந்தே போயிற்று.

வகுப்புக் கட்டணம் இரண்டு பேருக்கு, ஆடுவதற்காகச் செருப்பில் தைத்த தோல், டாக்டர், மாத்திரை, மூன்று சுற்றோடு ஆட்டோ எல்லாம் சேர்த்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.